கட்டைவிரல்

சுண்ணாம்புவிளையில் கிணறு என்றால்
வட்டமும் இல்லை, வாளியும் இல்லை.
போன ஐப்பசியில் வாய்க்கால் உடைத்து வந்த வெள்ளத்தை
ஒன்பது நாள் குடித்துவிட்டு
ஒரு முழம்கூட ஏறாமல் கிடந்த பள்ளம்.
பங்குனி வெயிலில் இப்போது
அடிவரை தெரிகிறது.

"வழிகாட்ட ஆளு வரலியாம்மா?"
பொன்னுலிங்கம் அண்ணாச்சி கேட்டார்.
அட்டையைக் காட்டினேன்.
தாய்லாந்தில் ஆறு நாள், ஒன்றரை வருஷச் சேமிப்பு,
பிளாஸ்டிக்கில் என் முகம், ஈரத் தலையோடு.
"ரேஷன் கார்டு மாதிரில்லா இருக்கு"
என்று திருப்பித் தந்தார்.

வெயிலுமுத்து மோட்டார் குழாயில்
முதல் முடிச்சைப் போட்டான்.
இரண்டாவது, பத்தடி கீழே, பாறை மூக்கில்.
தூத்துக்குடியில் கப்பலடி சுரண்டுகிற வேலையில்
ஏழு வருஷம் ஒரே ஏணியில் இறங்கியவர்கள் நாங்கள்.
கப்பலுக்கு அடியிலும் இருட்டுதான்.
ஆனால் இரண்டு பக்கமும் கடல் திறந்திருக்கும்.
இங்கே தலைக்கு மேல் கல்.

கணக்கு எளிது.
சிலிண்டரில் இருநூறு பார் காற்று.
மூன்றில் ஒன்று போக, மூன்றில் ஒன்று வர,
மிச்சம் நமக்கில்லை,
கூட வருபவனின் நெஞ்சுக்கு.
நூற்று நாற்பதில் திரும்பிவிட வேண்டும்.
எங்கே நின்றாலும் பகல் தெரிய வேண்டும்.
அது தெரியாத இடத்துக்கு வேறு அட்டை.

இறங்குமுன் மேலே பார்த்தேன்.
விளிம்பில் அண்ணாச்சி, மூன்று பையன்கள், ஒரு ஆடு.
ஆட்டைத் தவிர எல்லாரும்
கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.
எங்கள் பாஷையில் அதற்கு அர்த்தம்
முடிந்தது, மேலே வா.

உள்ளே சுவர் பாலாடை நிறம்.
வெள்ளம் கொண்டுவந்தவை போட்டது போட்டபடி:
கூரையில் முட்டிக்கொண்டு ஒரு நீலக் குடம்,
ஒற்றைச் செருப்பு, பனையோலை.
எங்கள் மூச்சு உருண்டு போய்க்
கல்லின் குழிகளில் பாதரசமாய்த் தேங்கியது.
தரையெல்லாம் தேரி மண்.
துடுப்பின் நுனி பட்டால் போதும்,
சிவப்பாக எழுந்து கண்ணை மறைத்துவிடும்.

சோம்சாய் எப்போதும் முன்னால் போவார்.
மஞ்சள் துடுப்பு.
ஆறு நாளும் குகை என்று நான் பார்த்ததில்
பாதி அந்த மஞ்சள்தான்.
அது இருந்த இடத்தில் இப்போது
என் விளக்கு போய் முடிகிற இடம்.
அதை யாரும் எனக்காகப் பார்த்து வைக்கவில்லை.

பிறகு அந்த வாய்.
ஒரு ஆள் படுத்தபடி போகலாம்.
மணல் ஒவ்வொரு பொடியாக, அவசரமில்லாமல்,
அதற்குள் நகர்ந்துகொண்டிருந்தது.
ஒன்பது நாள் வெள்ளம் போன வழி.
நூற்று ஐம்பத்தெட்டு.
பதினெட்டு பார் இன்னும் என்னுடையது.
கழுத்தை நீட்டினேன்,

தோளில் ஒரு கை.
அப்புறம், விளக்கு வெளிச்சத்தில்,
வெயிலுமுத்துவின் கட்டைவிரல்.

ஏன் என்று கேட்கக் கூடாது.
யாரும், எப்போதும், எதற்காகவும் முடிக்கலாம்.
சோம்சாய் கரையில் உட்கார்ந்து சொன்னபோது
எளிதாகத்தான் இருந்தது.
வாயிலிருந்த ரப்பரைக் கடித்துக்கொண்டு
நானும் விரலைத் தூக்கினேன்.
திரும்பியபோதுதான் பகலைப் பார்த்தேன்:
ஒரு வெற்றிலை அளவு, பச்சையாக.

"தண்ணி எங்க போவுது?"
"பாக்கல அண்ணாச்சி. திரும்பிட்டோம்."
"இதுக்கா இம்புட்டு சாமான்!"
ஆடு கயிற்றுச் சுருளை மோந்து பார்த்து
பிடிக்காமல் போனது.

வெயிலுமுத்து பொட்டலத்தைப் பிரித்து
நாலு இட்லி தின்றான். ஒன்றும் சொல்லவில்லை.
எனக்குக் கோபம்.
காற்றாடிகள் சுற்றாமல் நின்ற காடெல்லாம் தாண்டி
உடன்குடி வந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.
"ரெண்டு தடவ வெளக்க ஆட்டிக் கூப்பிட்டேன் பிலோமி.
நீ பாக்கவே இல்ல."

வேனின் பின்னால் என் சிலிண்டர் அவிழ்ந்து
அவன் சிலிண்டரை இடித்துக்கொண்டே வந்தது.
உள்ளே இன்னும் நூற்றுப் பதினைந்து பார்.
வண்டியை ஓரம் நிறுத்தினான்.
போய்க் கட்டினேன்,
இரண்டு முடிச்சாக.